டாக்டர் பரிமளத்தின் பிரேக்

சுடர்க்கொடிக்கு நடந்தது அநியாயம். இதில் இன்னொரு கட்சிக்கு இடமே இல்லை. உண்டு என்கிறவர் வரட்டும், உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம். டாக்டர் பரிமளம் வேஷம் அவளுடையது. ஐப்பசி மழையில் ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து பொங்கல் விடுமுறை முடிந்து வந்த நாள்வரை அந்த வேஷத்தைச் சுமந்தவள் அவள். ஐம்பதுகளில் ஒரு சின்ன ஊரில் தானே கார் ஓட்டிக்கொண்டு பிரசவம் பார்க்கப் போன ஒரு லேடி டாக்டர், ஊரே வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்த பிறகு, ஒருநாள் காரைச் சந்தைக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்காமலேயே ஊரைப் பார்த்துப் பேசுகிறாள். அந்தக் கடைசிக் காட்சியை எழுதியவளும் சுடர்க்கொடிதான். அந்த வேஷத்தைப் பிடுங்கி முதலாமாண்டு மதுவந்தியிடம் கொடுத்துவிட்டு, எழுதின கையில் ஒரு வாளித் தண்ணீரையும் சோப்புக்கட்டியையும் கொடுத்து, "காரை நீ பாத்துக்கம்மா சுடர், உனக்குத்தான் வண்டியப் பத்தித் தெரியும்" என்றுவிட்டார் நாடகத்துறைப் பேராசிரியர் தயாளன். அதுவும் போதாதென்று இன்றைக்குக் காலையில் இன்னொன்று கேட்டிருக்கிறார். மதுவந்தி காரில் உட்கார்ந்து பேசுகிறபோது அவள் காலடியில், கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் சுடர்க்கொடி படுத்திருக்க வேண்டும். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் கையால் பிரேக்கை அமுக்க வேண்டும். மதுவந்திக்கு வண்டி ஓட்டத் தெரியாது. "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு, நான் வேற ஆள் பாத்துக்கறேன். ஆனா நாடகத்துல உனக்கு வேற வேலை இல்லம்மா. சாயங்காலம் வர்றேன், யோசிச்சு வை." முடியும், முடியாது, ஏதோ ஒரு சொல். அந்த ஒரு சொல்தான் காலையிலிருந்து தண்ணீர் இல்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையில் ஒட்டிக்கொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் கிடக்கிறது.

பல்கலைக்கழக அரங்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ஞாயிற்றுக்கிழமை, விடுதியில் பிரியாணி, அதைத் தின்றுவிட்டு எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். மேடையில் ஒரே ஒரு விளக்கு, அதற்குக் கீழே அந்தக் கறுப்பு பிளஷர் கார், அதன் முன்பக்க பம்பருக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உலர்ந்த சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கிற அவள். கழுவுவதற்கு இல்லை, மங்க வைப்பதற்கு. பழைய காரை மேடையேற்றுவது என்றால் எல்லாரும் பாலீஷ் போடுவார்கள் என்றுதான் நினைப்பார்கள். கிடையாது. பம்பர், விளக்கு வளையம், கைப்பிடி, மூக்கில் இருக்கிற அந்தச் சின்ன இறக்கைப் பொம்மை, பளபளக்கிற எதுவும் மேடை வெளிச்சம் பட்டால் மூன்றாவது வரிசைக்காரன் கண்ணைக் குத்தும்; ஆகவே சோப்பைத் தேய்த்து, அதன்மேல் பவுடரை ஒற்றி, மினுக்கத்தைக் கொல்ல வேண்டும். முன்கண்ணாடியை ரப்பரோடு பிதுக்கி எடுத்தாயிற்று, ஏனென்றால் நடிக்கிறவள் முகத்தை அது மறைக்கும். பெட்ரோல் சொட்டில்லாமல் வடித்தாயிற்று. பேட்டரியைக் கழற்றியாயிற்று. மினுங்கக்கூடாது, எரியக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஆனால் காராக இருக்க வேண்டும். என்னை மாதிரியே, என்று தோன்றியதுமே அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது. உவமை. இந்த மாதிரி உவமை தயாளன் சாருக்கு ரொம்பப் பிடிக்கும், "ஆகா, இந்த இமேஜ் நல்லா இருக்கே" என்று கையைத் தேய்த்துக்கொள்வார். கார் காராகவே இருக்கட்டும். சோப்பு சோப்பாக இருக்கட்டும். எனக்கு நடந்தது அநியாயமாக மட்டும் இருக்கட்டும், அதற்கு அலங்காரம் வேண்டாம். நகத்துக்குள் சோப்பு ஏறி எரிந்தது. கட்டியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

வாதத்தில் அவள் தோற்றதில்லை, அதுதான் வேடிக்கை. எஞ்சின் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் பின்கோடியில் உயரமாக ஒரு தளம், அதிலிருந்து பார்க்கிறவர்களை நோக்கி இறங்கி வருகிற மாதிரி ஒரு பலகைச் சரிவு; கார் அதில் தானாக உருண்டு வந்து சந்தையில் நிற்கும். "எஞ்சினே வேண்டாம்மா, பூமி இழுத்துக்கிட்டு வரும்" என்று தயாளன் சார் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். பலகை தாங்காது, பாரத்தைக் குறைக்க எஞ்சினைக் கழற்றிவிடலாம் என்றார்கள். "சார், எஞ்சினை எடுத்தா முன்பக்கம் தூக்கிக்கும் சார், ஸ்பிரிங் மேலே வந்துடும்" என்று அவள் சொன்னாள். "சுடர் எதுக்குத்தான் ஒத்துப்பா" என்று யாரோ பின்னாலிருந்து சொல்ல, சிரிப்பு. எஞ்சினைக் கழற்றினார்கள். கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது, மூலையில் சத்தம் கேட்ட நாய் மாதிரி. பார்க்கிறவன் சிரித்துவிடுவான் என்று பயந்து, எஞ்சின் இருந்த குழிக்குள் மணல் மூட்டையாக அடுக்கி, அடுக்கி, இன்னும் ஒன்று போடு என்று அடுக்கி, மூக்கைக் கீழே இறக்கினார்கள். இப்போது எஞ்சின் எடைக்கு ஒரு மூட்டை கூடுதலாகவே உள்ளே இருக்கிறது. சரிவுக்கு அடியில் புதிதாக முட்டுக் கொடுத்தார்கள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. "நான்தான் சொன்னேனே" என்று அவள் திரும்பிப் பார்த்தபோது அங்கே ஒருத்தர் இல்லை, எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சரியாக இருப்பதற்கு இதுதான் கிடைக்கும் போல. மூட்டைகளும், காலி மேடையும்.

வேஷத்தை எடுத்ததற்குக் காரணமாகக் குரலைத்தான் சொன்னார் சார். விடுமுறை முடிந்து வந்த அன்றைக்கு, எல்லார் முன்னாலும் இல்லை, தனியாகக் கூப்பிட்டு, மரியாதையாக, நாற்காலி போட்டு. "தப்பா எடுத்துக்காத சுடர். உன் குரல்ல எப்பவும் ஒரு வழக்காடற தொனி இருக்கு. பரிமளம் அப்படிப்பட்டவ இல்ல. அவ மென்மையானவ. அவ பேசறப்ப ஜனங்க மனசு இளகணும், நீ பேசினா பதில் சொல்லத் தோணுது." பதில் சொல்லத் தோணட்டுமே சார்! அதற்குத்தானே அந்தக் காட்சி! சந்தைக்கு நடுவில் காரை நிறுத்துகிறவள் மென்மையானவளா? மென்மையானவள் வேறு தெருவழியாகப் போய்விட மாட்டாளா? பரிமளத்தைப் பெற்றவள் நான், அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குச் சொல்லித் தருகிறீர்களா? இதையெல்லாம் அவள் சொன்னாள், இதைவிட நன்றாகவே சொன்னாள், வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக. சார் தலையைச் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாத்தியா, இதைத்தான் சொல்றேன்" என்றார். அவ்வளவுதான். எதைச் சொன்னாலும் அது அவருக்குச் சாட்சியாகிவிடுகிற ஒரு வழக்கில் எப்படி வாதாடுவது? பேசாமல் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். பேசியதால் நிரூபணம் ஆயிற்று. அன்றைக்கு எழுந்து வாசல்வரை நடந்து, பிறகு தண்ணீர்த் தொட்டிவரை நடந்து, குழாயைத் திறந்து, மூடி, திறந்து... இப்போது அவள் பம்பரில் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சோப்பு தடித்துப் பாலாடை மாதிரி நின்றது. வழித்து எறிந்துவிட்டுக் கைப்பிடிக்கு நகர்ந்தாள்.

கதவு திறந்தால் முனகும். எண்ணெய் விடலாமா என்று கேட்டதற்கு, விடாதே, அந்த முனகல் பழைய காலத்தைக் காட்டும் என்றார்கள். பழைய காலத்தில் அந்தக் கார் புதுசாக இருந்திருக்கும், முனகியிருக்காது என்று அவள் சொன்னாள். பர்வீன் அப்போது பக்கத்தில்தான் இருந்தாள், அறைத் தோழி பர்வீன், ஒரு காலத்தில் சோற்றுத் தட்டையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு சாப்பிட்டவள். "ஏண்டி, ஒரு நாளாவது ஒரு விஷயத்தை அப்படியே விடேன்டி" என்றாள். "தப்பை எப்படிடி விடறது?" "தப்பு தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். கதவுதானே முனகுது, நீ ஏன் முனகறே?" நல்ல வரி அது, இப்போது நினைத்தாலும் ரசிக்கத்தான் தோன்றுகிறது. அன்றைக்கு ரசிக்காமல் பதில் சொன்னாள். நியாயமான பதில். பர்வீன் எழுந்து போனாள், அடுத்த வேளையிலிருந்து விடுதிச் சாப்பாட்டறையில் ஜன்னலோர மேசைக்குப் போய்விட்டாள், ஆங்கில இலக்கியக்காரிகளோடு. சண்டை ஒன்றும் இல்லை. அறையில் "சார்ஜர் தாடி" என்றால் தருகிறாள். ஆனால் இன்றைக்குப் பிரியாணி தின்னும்போது எதிரில் காலி நாற்காலி, யாரோ ஒரு பெண் வந்து, "அக்கா, இது காலிதானே?" என்று கேட்டு, அவள் தலையாட்டியதும், உட்காரவில்லை, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கு என்ன வாதம் இருக்கிறது? காலிதான். கேட்டுத்தான் எடுத்தாள்.

முன் இருக்கை ஒரே நீள பெஞ்சு, நடுவில் பிளவு இல்லாமல். பஞ்சில் எலி மூத்திர வாடை. கரூர் பக்கத்து அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கொட்டகையில் எத்தனையோ வருஷம் கோழிக்கு வீடாக இருந்த வண்டி. அவள்தான் போய்ப் பேசி, "உங்க வண்டி மேடையேறுதுங்க" என்று ஆசை காட்டி வாங்கி வந்தாள். அவரிடம் பேசும்போது குரல் எப்படி இருந்தது? வழக்காடும் தொனி அங்கே மட்டும் செல்லுபடியாயிற்றே. ஈரத் துணியால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்தவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். பிரேக் கட்டையை மிதித்தாள். முதல் மிதியில் சேற்றில் கால் போட்ட மாதிரி உள்ளே போயிற்று. விட்டு இன்னொரு தடவை மிதித்தால் கெட்டிப்படும், பிடிக்கும். இது இந்த வண்டியின் குணம். முதல் மிதிக்குப் பிடிக்காது. பயந்துபோய் அப்படியே அமுக்கிக்கொண்டிருந்தால் பிடிக்கவே பிடிக்காது. விட்டுவிட்டு மறுபடி மிதிக்க வேண்டும். ஆபத்து வருகிற நேரத்தில் காலை எடுக்க யாருக்கு மனசு வரும்? இதைத்தான் மதுவந்தியால் முடியாது என்கிறார்கள். ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்தப் பெண் வெளிறிப்போய் இறங்கினாளாம். "வசனத்தை நினைப்பேனா, காலை நினைப்பேனா?" நியாயம்தான். மதுவந்தியின் நியாயத்தைக்கூட அவள் ஒத்துக்கொள்வாள், அவள் நியாயஸ்தி.

வண்டி அவளுக்குத் தெரியும் என்பதும் எவ்வளவு தூரம் உண்மை? நாமக்கல்லில் அப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார், கற்றுத்தருகிற வண்டியில் இடதுபக்கம் அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் கட்டை. பன்னிரண்டாவது முடித்த கோடையில் அந்த வண்டியில்தான் கற்றுக்கொண்டாள். "கண்ணு, கிளட்ச்ச மெதுவா உடு. அந்தா லாரி வருது பாரு, வரட்டும், நம்மளுக்கென்ன. பயப்படாத, அப்பா கால் இருக்குதில்ல." வெயிலில் தார் உருகுகிற சேலம் ரோட்டில், ஒரு எருமை குறுக்கே வந்தது, அவள் மிதித்தாள், வண்டி நின்றது, எருமை திரும்பிப் பார்த்துவிட்டு ஆற அமரப் போயிற்று. "சபாசு!" என்றார் அப்பா. அவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள். அவர் கால் கட்டையின் மேல்தான் இருந்தது. அழுத்தியதா, சும்மா இருந்ததா? "நீங்க புடிச்சீங்களாப்பா?" "நீதான் கண்ணு புடிச்ச." எருமைக்கு அடுத்து ரயில்வே கேட், அடுத்து ஒரு பால்காரர், எல்லா இடத்திலும் வண்டி நின்றது, எல்லா இடத்திலும் சபாசு, எல்லா இடத்திலும் அந்தக் கால். லைசென்ஸ் டெஸ்டன்றைக்கு அதே சீட்டில் இன்ஸ்பெக்டர், அவர் செருப்பும் அதே கட்டையில். அதற்கப்புறம் திருச்சி, பல்கலைக்கழகம், பஸ். தன்னந்தனியாக ஒரு வண்டியை அவள் நிறுத்தியதே இல்லை. ஓட்டியிருக்கிறாள், நிறுத்தியது யார் என்று தெரியாது. கேட்டால் அப்பா சத்தியமே செய்வார், ஆனால் அன்பு உள்ளவர்கள் செய்கிற சத்தியத்தை எந்தக் கோர்ட்டு ஏற்கும்? இப்போது தயாளன் சார் கேட்பது என்ன? மதுவந்திக்கு நீ அந்தக் காலாக இரு என்கிறார். அவள் பேசுவாள், சந்தை அடங்கும், வண்டி நிற்கும், கை தட்டுவார்கள். மதுவந்திக்கும் கடைசிவரை தெரியாது, அவளும் ஒருநாள் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு இதையே நினைப்பாள்.

படுத்துப் பார்த்தாள். சும்மா, எப்படி இருக்கும் என்று. பெஞ்சுக்கு முன்னால் கால் வைக்கிற பள்ளத்தில் இடதுபக்கம் தலை வைத்து முழங்காலை மடக்கி உடம்பைச் சுருட்டிக்கொண்டு, வலது கையை நீட்டினால் கட்டை எட்டுகிறது. தரைத் தகரம் முதுகில் சில்லென்றது. மேலே டாஷ்போர்டின் அடிவயிறு, அறுந்த ஒயர்கள், ஒரு சிலந்திவலை, அதில் எப்போதோ செத்த ஒரு பூச்சி. மதுவந்தியின் செருப்பு இங்கே வரும். சேலைக் கரை முகத்தில் படும். பார்க்கிறவர்கள் யாரும் தெரிய மாட்டார்கள், வெளிச்சம்கூட ஒரு கோடாகத்தான். பரிமளத்தின் வசனத்தைச் சொல்லிப் பார்த்தாள்: "வண்டியில வர்ற பொம்பளைய வேடிக்கை பாத்தீங்க. வண்டி யாருக்காக வந்ததுன்னு எவனாவது கேட்டீங்களா? உங்க வீட்டு வாசல்ல தான்டா நின்னுச்சு." குரல் தகரத்தில் முட்டித் திரும்பி அவள் வாய்க்கே வந்தது. நன்றாக இருந்தது, அதுதான் கஷ்டம். வழக்காடும் தொனி இல்லவே இல்லை. இங்கே படுத்துக்கொண்டு பேசினால் எவர் குரலும் மென்மையாகத்தான் இருக்கும் போல. கையால் கட்டையை அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். பிடித்தது. அப்போதுதான் அது வந்தது, காலையிலிருந்து எங்கேயோ பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த அந்த நினைப்பு, வாசலில் செருப்பைக்கூட கழற்றாமல் நேராக உள்ளே. நான் அமுக்காவிட்டால்? மதுவந்தி பேசிக்கொண்டிருக்கிறாள், சரிவில் வண்டி வருகிறது, என் கை கட்டையின் மேல் இருக்கிறது, அமுக்கவில்லை. சரிவின் விளிம்பில் ஒரு சவுக்குக் கட்டை ஆணியடித்து வைத்திருக்கிறார்கள். "இது தடுக்குமா சார்?" என்று கேட்டபோது, "அது பாக்கறவங்க தைரியத்துக்கும்மா" என்று சிரித்தார். அதற்கு அந்தப் பக்கம் முதல் வரிசை. துணைவேந்தர், அவர் மனைவி, விருந்தினர்கள், மடியில் குழந்தைகள். முதல் தடவை அமுக்கிவிட்டு, கையை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் போதும். பிடிக்கலை சார், நான் அமுக்கினேன் சார். யாரால் நிரூபிக்க முடியும்? கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. இல்லை என்று யார் சொன்னது? எல்லாருக்கும் எதிராக வாதாடத் தெரிகிறது, இதற்கு எதிராக ஒரு வாக்கியம் வரவில்லையே. செய்ய மாட்டேன், நிச்சயம் செய்ய மாட்டேன். ஆனால் தினமும் ஒத்திகையில் இங்கே படுத்துக்கொண்டு, தினமும் அந்தக் கையை நானே காவல் காத்துக்கொண்டு... யாரிடம் சொல்வது இதை? பர்வீனிடமா? அப்பாவிடமா? "அப்பா, எனக்கு என் கையைப் பார்த்தா பயமா இருக்குது"? போனை எடுத்தாள். அப்பாவின் பெயர்வரை போயிற்று விரல். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கூட்டமான நாள். யாரோ ஒரு பையன் சேலம் ரோட்டில் மிதித்துக்கொண்டிருப்பான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சபாசு சொல்லிக்கொண்டிருப்பார். போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்துவிட்டு ஊர்ந்து பள்ளத்திலிருந்து மேலே வந்தாள்.

மேலே வந்தவள் காரைவிட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். வண்டி நின்றது தளத்தின் உச்சியில்; கண்ணாடி இல்லாத சட்டத்துக்கு அப்பால் சரிவு, விளிம்பு, அதற்கும் அப்பால் இருட்டில் காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக. முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த ஆப்புக்கட்டைகளைத் திரைக்குப் பின்னாலிருந்து இழுக்கிறதற்காக ஒரே கயிற்றில் கட்டியிருந்தார்கள்; கயிறு ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் தொங்கியது. செய்யக்கூடாது என்று தெரியும், தனியாக நிறுத்த முடியுமா என்றுதான் தெரியாது. ஒத்திகையில்கூட இரண்டு பேர் பின்னால் வடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இறக்கியிருக்கிறார்கள். இப்போது வடம் இல்லை, ஆள் இல்லை, பக்கத்துச் சீட்டில் ஒன்றும் இல்லை. எலி வாடை மட்டும். முதல் வரிசையில் யாரும் இல்லை, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, என்னைத் தவிர, என்று அவள் ஒரு வாதத்தை அமைத்துப் பார்த்தாள்; ஓட்டை வாதம், வண்டி உடையும், அரிசி ஆலைக்காரருக்கு என்ன சொல்வாய், என்று எதிர்க்கட்சியையும் அவளே பேசினாள்; இரண்டு கட்சியும் சேர்ந்து கத்திக்கொண்டிருக்கும்போதே கை கயிற்றை இழுத்துவிட்டது. ஆப்பு நகர்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே நடக்கவில்லை, அப்புறம் பலகை ஒரு முனகல் முனகியது, இருட்டு நாற்காலிகள் மெல்ல அவளை நோக்கி எழுந்து வந்தன. மணல் மூட்டைகளின் கனம் முன்னால் இழுத்தது. வேகம் இல்லை, மாட்டுவண்டி வேகம்தான், ஆனால் அது நிற்கப்போகிற வேகம் இல்லை. மிதித்தாள். சேறு. கால் ஆழத்துக்குப் போயிற்று. அமுக்கு, அமுக்கு, இன்னும் அமுக்கு என்றது உடம்பு முழுவதும். காலை எடுத்தாள். காலை எடுத்த அந்த வெற்றிடத்தில் அவளுக்கு யாரும் இல்லை, அப்பா இல்லை, சார் இல்லை, பரிமளம்கூட இல்லை. மறுபடி மிதித்தாள். கெட்டி. வண்டி குலுங்கி, மூக்கைத் தாழ்த்தி, நின்றது. சோப்பு பூசிய பம்பருக்கும் சவுக்குக் கட்டைக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அவள் குனிந்து இடதுபக்கம் பார்த்தாள். பழக்கம். அங்கே பள்ளமும் கறுப்புத் துணியும்தான். நான்தான், என்றாள் உரக்க. அரங்கத்தில் அது ஒருதரம் கேட்டது. மறுத்துப் பேச ஆள் இல்லை. சபாசு சொல்லவும் ஆள் இல்லை. இந்த வழக்கில் சாட்சியே கிடையாது, ஆனாலும் தீர்ந்துவிட்டது, என்ன விசித்திரம். அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை, கொட்டாவிதான் வந்தது.

பக்கக் கதவு திறந்து மஞ்சள் வெயில் ஒரு பாய் அகலத்துக்கு விழுந்தது. தயாளன் சாரும், பின்னால் மதுவந்தியும். சார் சரிவைப் பார்த்து, காரைப் பார்த்து, மறுபடி சரிவைப் பார்த்தார்.

"வண்டிய யாரும்மா எறக்கினது?"

"நான்தான் சார்."

"வடம் பிடிச்சது யாரு?"

"யாரும் இல்ல."

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? விளிம்பு தாண்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?" அவர் குரல் நிஜமாகவே நடுங்கியது. அதில் வழக்காடும் தொனி இருந்தது என்பதைச் சுடர்க்கொடி கவனித்தாள், சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதை நினைத்து அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மதுவந்தி காரைச் சுற்றி வந்து ஜன்னல் ஓரம் நின்றாள். நெற்றியில் தூங்கி எழுந்த தலையணை வரி. "அக்கா, என்மேல கோவம்னா திட்டிடுங்கக்கா. நான் கேட்கலை, சார்தான் கூப்பிட்டுக் குடுத்தாரு. நீங்க கீழ இருந்தீங்கன்னா எனக்கு தெம்பா இருக்கும்க்கா. வேற யாரையாவது போட்டா எனக்கு வசனமே வராது."

"கோவம் இருக்கு. ஆனா உன்மேல இல்ல. பாதிதான் உன்மேல."

மதுவந்தி சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சாரைப் பார்த்தாள்.

"சரி, நடந்தது நடந்துச்சு" என்றார் சார், விளிம்புக் கட்டையைக் காலால் ஒருதரம் அசைத்துப் பார்த்துக்கொண்டே. "காலையில கேட்டேனே. யோசிச்சியா? படுத்துக்கறியா, இல்ல நான் வேற ஆள் பாக்கட்டுமா? இந்த ரெண்டுல ஒண்ணு சொல்லு. விவாதம் வேண்டாம், எனக்கு இன்னிக்குத் தெம்பு இல்ல."

சுடர்க்கொடி கதவைத் திறந்தாள். அது முனகியது. இறங்கி நின்று, உள்ளங்கையில் காய்ந்திருந்த சோப்பைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள்.

"வேற ஆளும் வேண்டாம் சார், நானும் படுக்க மாட்டேன். பிரேக்கை மதுவந்திதான் போடணும். ஏறி உட்காரும்மா. முதல் மிதிக்குப் பிடிக்காது, பயந்து அமுக்கிக்கிட்டே இருக்காத, காலை எடுத்துட்டு மறுபடி மிதி. வடம் பிடிக்க நாலு பசங்களக் கூப்பிடுங்க சார், உங்க ஒத்திகை முடியறவரைக்கும் நான் தினமும் வந்து இவளுக்குக் கத்துத் தர்றேன், பக்கத்து சீட்டுல இல்ல, வெளிய நின்னு. வேஷத்தை விட்டுக் குடுத்துட்டேன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க, அந்தச் சண்டை தனியா இருக்கு."

"அது இருக்கட்டும்மா. நாடகத்தன்னைக்கு? வடம் இல்லாம, இவ மட்டும் உள்ள இருக்கறப்ப? நீ எங்க இருப்ப?"

"முதல் வரிசையில சார். துணைவேந்தரையும் குழந்தைகளையும் பின்னால தள்ளி உட்கார வையுங்க, எனக்கு மட்டும் நடுவுல ஒரு நாற்காலி போடுங்க. வண்டிக்கு நேரா."